மூன்று நாள் ஆயுள் உள்ள பீர்: இங்கிலாந்தின் கிராமத்துப் பப்புக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

கிராமத்துப் பப்பின் கவுண்டரில் இரண்டு வகைக் குழாய்கள் இருக்கும். ஒன்று பளபளக்கும் உலோகக் குழாய். அதன் பிடியை லேசாகத் தள்ளினால் போதும், பீர் தானாகக் கொட்டும். மற்றது முழங்கை உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மரக் கைப்பிடி. பரிமாறுகிறவர் அதைத் தன் பக்கமாக இழுத்தால்தான் பீர் வரும். அந்தக் கைப்பிடியின் வழியாக வருவதுதான் ரியல் ஏல் (ஏல் என்பது பீரில் ஒரு வகை). இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போய், நடைப்பயணம் முடித்த ஒரு சனிக்கிழமை மதியம் முதன்முறையாக இப்படியொரு பப்பில் நுழைகிறவருக்கு இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால், மற்ற எல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

உலோகக் குழாயில் வரும் கெக் பீர் பெரும்பாலும் ப்ரூவரியிலேயே (பீர் காய்ச்சும் ஆலையிலேயே) வடிகட்டப்பட்டு, சூடாக்கி ஈஸ்ட் கொல்லப்பட்டு, வாயு அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. அது வாரக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும். ரியல் ஏல் அப்படியில்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே அதைப் பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று, பப்பின் நிலவறையிலேயே இரண்டாவது முறை நொதித்து, தனக்கு வேண்டிய வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. ப்ரூவரி பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதி பப்பை நடத்துகிறவர் கையில் இருக்கிறது. இதனால்தான் ஒரே ஏல் ஒரு ஊரில் அமிர்தமாகவும் அடுத்த ஊரில் சப்பென்றும் இருக்கிறது.

1960களில் பெரிய நிறுவனங்கள் கெக் பீர் பக்கம் சாய்ந்து, பழைய பீப்பாய் ஏல் மறைந்துவிடும் என்ற நிலை வந்தது. 1971இல் நான்கு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய இயக்கம்தான் கேம்ரா (‘ரியல் ஏலுக்கான இயக்கம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). ‘ரியல் ஏல்’ என்ற பெயரைப் பரப்பியதும், அதற்கு இலக்கணம் வகுத்ததும் அந்த இயக்கமே.

நிலவறையில் நடப்பது

நாட்டுப்புறப் பப்புகளில் பரவலாகப் புழங்கும் பீப்பாய்க்கு ஃபர்கின் என்று பெயர். 9 காலன், அதாவது 72 பைண்ட், ஏறத்தாழ 41 லிட்டர். அதில் பாதி அளவு உள்ளது பின். இரண்டு மடங்கு உள்ளது கில்டர்கின். பீப்பாய் வந்ததும் அதைப் படுக்கவைத்து, உருளாதபடி ஆப்பு வைத்துவிடுவார்கள். நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ‘இங்கிலாந்துக்காரர்கள் வெதுவெதுப்பான பீர் குடிப்பார்கள்’ என்று சொல்வதை நம்ப வேண்டாம். 12 டிகிரி என்பது குளுமைதான். ஐஸ் போலச் சில்லென்று இருக்காது, அவ்வளவுதான். அதைவிடக் குளிர்ந்தால் மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) இனிப்பும் ஹாப்ஸின் (கசப்பும் மணமும் தரும் பூவின்) மணமும் நாக்குக்கு எட்டாது. ஏறினால் வாயு வெளியேறி, பீர் உயிரற்றுப் போகும்.

பீப்பாயின் வயிற்றில், மேல்புறமாக, ஒரு துளை மரக்கட்டையால் அடைக்கப்பட்டிருக்கும். அதன் நடுவில் ஸ்பைல் எனப்படும் சிறு முளையை அடித்து இறக்குவார்கள். முதலில் அடிப்பது மூங்கில் போன்ற துளைகள் உள்ள மென்மையான முளை. அடித்த உடனே, முளையைச் சுற்றிக் காபி நிறத்தில் நுரை புசுபுசுவென்று பொங்கிப் பீப்பாயின் மேல் வழியும். அதைத் துடைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சில ஏல்கள் சில மணி நேரத்தில் அடங்கும், சில ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். துடைத்த இடத்தில் மறுபடி நுரை எழ நேரமாகிறதா என்று பார்ப்பதுதான் அளவுகோல். பொங்கல் தணிந்ததும் மென்முளையைப் பிடுங்கிவிட்டு, கெட்டியான மர முளையை வைப்பார்கள். மிச்ச வாயு உள்ளேயே தங்க வேண்டும் என்பதற்காக.

இதில் அவசரம் கூடாது. யார்க்‌ஷயரின் கீத்லியில் காய்ச்சப்படும் டிமோத்தி டெய்லரின் லேண்ட்லார்ட் அதிகம் பொங்கும் என்று பெயரெடுத்தது. அதை ஒரு நாள் முன்னதாகத் திறந்துவிட்டால் கரடுமுரடான, பச்சை வாடையுள்ள பீர்தான் கிடைக்கும். பொறுத்திருந்தால் அதே பீரில் தேனும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும்.

பீர் தெளிவதற்கு ஐசிங்கிளாஸ் சேர்ப்பார்கள். இது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் பொருள். ஈஸ்ட்டைக் கட்டி இழுத்து அடியில் வண்டலாகப் படியவைக்கும். சைவ உணவுக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தெளியவைக்கும் பொருள் சேர்க்காத ஏல்களும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றின் கைப்பிடியில் (பம்பில்) மாட்டிய அட்டையிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும், அல்லது கேட்டால் சொல்வார்கள். அவை சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கும், அது குறையல்ல.

குழாய் பொருத்தி, முளையைத் தளர்த்தி, பீரை இழுக்கத் தொடங்கியதும் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. அந்த நிமிடத்திலிருந்து கெடு தொடங்குகிறது: மூன்று நாள். தோசை மாவு பொங்கி ருசியாக இருக்கும் நாளும் உண்டு, புளித்துப்போகும் நாளும் உண்டு என்பது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 72 பைண்ட்டை மூன்று நாளில் விற்க வேண்டுமானால், நாளுக்கு 24 பைண்ட் விற்க வேண்டும். அடிவண்டலோடு போகும் சில பைண்ட்டைக் கழித்தாலும் பெரிய வித்தியாசமில்லை. கவுண்டரில் ஆறு கைப்பிடி இருந்தால் நாளுக்கு 144 பைண்ட். ஐம்பது வீடு உள்ள கிராமத்தில், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையில், அது நடக்காது. ஆகவே ஆறு பம்ப் உள்ள வெறிச்சோடிய பப்பைவிட, இரண்டே பம்ப் வைத்துக் கூட்டமாக இருக்கும் பப்பில்தான் நல்ல ஏல் கிடைக்கும். புதியவர்கள் வகை நிறைய இருந்தால் சிறப்பு என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் பிழை.

எங்கே போவது, எப்போது போவது

வாசலருகே காஸ்க் மார்க் என்ற வட்டப் பலகை இருந்தால், சுயேச்சையான ஆய்வாளர்கள் வந்து பீரின் வெப்பநிலை, தோற்றம், மணம், சுவை நான்கையும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். நம்பத்தக்க அடையாளம். ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்று எழுதியிருந்தால், எந்த ப்ரூவரியின் பீரையும் வாங்கி விற்கும் உரிமை அந்தப் பப்புக்கு உண்டு. பீர் இலவசம் என்று பொருளில்லை. ப்ரூவரிக்குச் சொந்தமான பப்பில் அந்த ப்ரூவரியின் ஏல்களே இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். சசெக்ஸ் கவுண்டியின் லூயிஸில் ஹார்வீஸ், சஃபோக்கின் சவுத்வோல்டில் ஆட்னம்ஸ் என, தன் பீரை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று தெரிந்த ப்ரூவரிகளின் பப்புகள் அந்தந்த வட்டாரத்தில் நல்ல தேர்வு. பொதுவாகவே, பக்கத்து ஊரில் காய்ச்சியதைக் குடிப்பது நல்லது. அதிகம் விற்பதும், பப்காரருக்கு நன்றாகக் கைவந்ததும் அதுதான்.

எல்லாப் பப்பிலும் எல்லாம் இருக்காது. டார்செட் கடற்கரையருகே வொர்த் மாட்ரவர்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் ஸ்கொயர் அண்ட் காம்பஸில் கவுண்டரே கிடையாது. நடையில் நின்று, சுவரில் வெட்டிய சிறு சாளரம் வழியாகத்தான் வாங்க வேண்டும். ஏல் பீப்பாயிலிருந்து நேராகக் கோப்பைக்கு இறங்கும், பம்ப் இல்லை. சாப்பிட பேஸ்ட்டி, அதாவது மடித்துச் சுட்ட உள்ளடை வைத்த அப்பம். தட்டும் கத்தியும் கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் வெளியே கற்பலகை மேசையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெர்க்‌ஷயரின் ஆல்ட்வொர்த்தில் இருக்கும் ‘பெல் இன்’ பப்பும் இதே பாணி: உள்ளடை வைத்த ரொட்டி, நல்ல ஏல், பழைய பெஞ்சுகள். கேம்ராவின் தேசிய அளவிலான சிறந்த பப் விருதை அது இரண்டு முறை வாங்கியிருக்கிறது. முழுச் சாப்பாடு வேண்டுமானால் போகும் முன் உணவுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

நேரத்தைத் தவறவிடுவதுதான் அதிகம் பேர் படும் பாடு. பப் திறந்திருக்கும் நேரம் வேறு, சமையலறை நேரம் வேறு. மதியம் 12 முதல் 2 அல்லது 2.30 வரை, மாலை 6 முதல் 9 வரை என்பது பொதுவான வழக்கம். மூன்று மணிக்கு நடந்து களைத்துப் போய்ச் சேர்ந்தால் ஏல் கிடைக்கலாம், சாப்பாடு கிடைக்காது. உப்பு போட்ட சிப்ஸ் பொட்டலம்தான். பல கிராமத்துப் பப்புகள் திங்கள் முழுக்க மூடியிருக்கும், சில செவ்வாயும். ஞாயிறு இரவில் பெரும்பாலும் சமையலறை இருக்காது. போகும் நாள் காலையில் ஒரு போன் செய்து, ‘இன்று எதுவரை சாப்பாடு போடுவீர்கள்?’ என்று கேட்டுவிடுவது ஐந்து மைல் வீண் நடையை மிச்சப்படுத்தும். ஏலுக்கு நல்ல நேரம் வெள்ளி மாலையும் சனிக்கிழமையும். விற்பனை வேகமாக இருப்பதால் பீப்பாய் புதிதாக இருக்கும்.

கவுண்டரில்

மேசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினால் யாரும் வர மாட்டார்கள். எழுந்து கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை இருக்காது, ஆனாலும் முறை உண்டு. யார் முதலில் வந்தார் என்று பரிமாறுகிறவருக்கும் தெரியும், நிற்பவர்களுக்கும் தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவர் இருக்க உங்களைக் கேட்டால், ‘இவர் முதலில்’ என்று காட்டுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு அந்த ஊரில் மதிப்பு உண்டு. பணத்தை நீட்டி ஆட்டக் கூடாது.

ஒவ்வொரு கைப்பிடியிலும் பெயரும் ஆல்கஹால் அளவும் எழுதிய அட்டை இருக்கும். அட்டை பின்பக்கம் திரும்பியிருந்தால் அந்த ஏல் தீர்ந்துவிட்டது, அல்லது இன்னும் தெளியவில்லை. எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் முதலில் சதவீதத்தைப் பாருங்கள். மைல்ட் பெரும்பாலும் 3 முதல் 3.6 வரை, கருநிறம், கசப்புக் குறைவு. பிட்டர் 4க்குக் கீழே. செம்பு நிறம், சுத்தமான கசப்பு, சாப்பாட்டோடு குடிக்க ஏற்றது. ஆட்னம்ஸ் சவுத்வோல்ட் பிட்டர் 3.7. பெஸ்ட் பிட்டர் 4உம் அதற்கு மேலும். ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் சரியாக 4. கோல்டன் ஏல் வெளிர்நிறம், எலுமிச்சை போன்ற ஹாப்ஸ் மணம்; லாகர் (குளிரக் குடிக்கும் வெளிர்நிற பீர்) குடித்துப் பழகியவர்கள் இதில் தொடங்கினால் எளிது. போர்ட்டரும் ஸ்டவுட்டும் கறுப்பு. காபியும் கருகிய ரொட்டியும் நினைவுக்கு வரும். மாஷம் ஊரின் தீக்ஸ்டன் ஓல்ட் பெக்யூலியர் 5.6. அதை வெறும் வயிற்றில் ஆரம்பிக்க வேண்டாம்.

ஐ.பி.ஏ. என்பது இந்தியா பேல் ஏல். கம்பெனி ஆட்சிக் காலத்தில் கல்கத்தா, மதராஸ், பம்பாய்த் துறைமுகங்களுக்குக் கப்பலில் போன வெளிர்நிற ஏலின் வாரிசு. முதலில் லண்டனின் போ பகுதியிலிருந்து ஹாட்ஜ்சன் ப்ரூவரி அனுப்பியது. 1820களில் பர்ட்டன் ஊர் ப்ரூவரிகள் அந்தச் சந்தைக்குள் வந்தன. பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். ஹாப்ஸின் கசப்பு அதில் கூர்மையாக எடுபடும். இன்று அதே பெயரில் 3.6 சதவீதத்தில் மென்மையான ஏலும் உண்டு, 6ஐத் தாண்டிய வலுவான ஏலும் உண்டு. பெயரை நம்பாமல் அட்டையைப் பார்க்க வேண்டிய வகை இது.

குழம்பினால், ‘கொஞ்சம் ருசி பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். கைப்பிடி ஏலுக்கு மறுக்காமல் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். கூட்டமான நேரத்தில் நாலைந்தைக் கேட்பது சரியல்ல. பைண்ட் என்பது 568 மில்லி, ஹாஃப் அதில் பாதி. மூன்றில் ஒரு பங்கு அளவும் சில இடங்களில் உண்டு. ஹாஃப் வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை. இரண்டு ஏல்களைச் சுவைக்க அதுதான் வழி.

ஊற்றுவதைக் கவனியுங்கள். கைப்பிடியின் அடியில் உள்ள உருளை பெரும்பாலும் அரை பைண்ட் கொள்ளும். ஆகவே நிதானமான இரண்டு இழுப்பு, பிறகு நிரப்ப ஒரு சின்ன இழுப்பு. முதலில் கோப்பை முழுக்கக் கலங்கிய பழுப்பாகத் தெரியும். குமிழிகள் மேலேறமேலேற அடியிலிருந்து தெளிந்து, நுரை மேலே பிரிந்து நிற்கும். வட இங்கிலாந்தில் குழாய் முனையில் சல்லடைபோல ஓட்டையுள்ள ஸ்பார்க்லர் மாட்டுவார்கள். நுரை பாலேடு போலக் கெட்டியாக வரும். தெற்கே அது கிடையாது. நுரை மெல்லியதாகப் படர்ந்திருக்கும். இரண்டில் எது சரி என்று அந்த ஊர்க்காரர்கள் பல காலமாக வாதாடுகிறார்கள். எங்கள் கருத்து: வடக்கின் ஏல்கள் அதற்கென்றே காய்ச்சப்பட்டவை, வடக்கில் ஸ்பார்க்லரோடும் தெற்கில் இல்லாமலும் குடியுங்கள். நுரை கோப்பையில் விரலளவுக்கு மேல் இடம் பிடித்தால், ‘கொஞ்சம் நிரப்பித் தர முடியுமா?’ என்று கேட்கலாம். கோடு போட்ட பெரிய கோப்பையானால் பீர் அந்தக் கோடு வரை இருக்க வேண்டும்.

நண்பர்களோடு போனால் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதில்லை. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர். உங்கள் முறை வருவதற்குள் நழுவுவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள். மது அருந்தாதவரும் சுற்றில் சேரலாம். எலுமிச்சைச் சாறு கலந்த சோடா கேட்டால் போதும்.

கெட்ட பைண்ட்டைத் திருப்புவது

வினிகர் நெடி அடித்தால் பீப்பாய் திறந்து நாளாகிவிட்டது. காற்றில் உள்ள பாக்டீரியா புளிக்கவைத்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் ஆக்சிஜன் தின்றுவிட்டது. வெண்ணெய் மிட்டாய் போல வழவழத்தால் நொதித்தல் முழுமையாகவில்லை. நாக்கில் துளியும் சுறுசுறுப்பு இல்லாமல் தண்ணீராக இருந்தால், இரவில் கெட்டி முளையைத் திரும்ப வைக்க மறந்து வாயு போய்விட்டது. கலங்கல் மட்டும் இருந்து சுவை நன்றாக இருந்தால், அது தெளியவைக்காத ஏலா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பீப்பாய் அசைந்து வண்டல் கிளம்பியிருக்கலாம், அல்லது தீரும் தறுவாயில் இருக்கலாம். கடை திறந்ததும் ஊற்றும் முதல் பைண்ட்டில் இரவெல்லாம் குழாயில் நின்ற பீர் சேரும்; நல்ல பப்பில் அதை முதலில் இழுத்துக் கொட்டிவிட்டே விற்பார்கள்.

திருப்புவதானால் ஓரிரு வாய்க்குள் திருப்ப வேண்டும். முக்கால் கோப்பை காலியான பிறகு நியாயம் பேச முடியாது. கோப்பையைக் கவுண்டருக்கு எடுத்துப் போய், குரலை உயர்த்தாமல், ‘இது கொஞ்சம் புளித்த மாதிரி இருக்கிறது, பார்க்கிறீர்களா?’ என்றால் போதும். பப் நடத்துகிறவர் முகர்ந்து பார்த்து, வேறொன்று ஊற்றித் தருவார். அந்தப் பீப்பாய் கெட்டதை அவருக்குச் சொல்லும் முதல் ஆள் நீங்களாகவே இருக்கலாம். ஆனால் கசப்பு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது பீரின் குற்றமல்ல. அதற்குத்தான் முன்கூட்டியே ருசி பார்ப்பது.

சாப்பாடு

மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுண்டரில் உணவைச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்தால் மேசைக்குக் கொண்டுவருவார்கள். மேசைக்கே வந்து கேட்கும் இடங்களும் உண்டு. பானத்துக்கு டிப்ஸ் வழக்கமில்லை. பரிமாறியவரை மதிக்க விரும்பினால், ‘உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வார்கள். அவர் ஒரு சிறு தொகையைச் சேர்த்துக்கொள்வார்.

குளிர்ந்த மதிய உணவாக ப்ளவ்மன்ஸ் லஞ்ச்: செடார் அல்லது ஸ்டில்ட்டன் சீஸ் துண்டம், கெட்டித் தோல் ரொட்டி, ஊறவைத்த வெங்காயம், இனிப்பும் புளிப்புமான காய்கறி ஊறுகாய், ஆப்பிள். உழவர் மதிய உணவு என்ற இந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பியது 1950களிலும் 60களிலும் சீஸ் விற்பனையைப் பெருக்க நடந்த விளம்பரம். ரொட்டியும் சீஸும் ஏலும் சேர்ந்த கூட்டு அதைவிட மிகப் பழையது. பிட்டரின் கசப்பு சீஸின் கொழுப்பை நாக்கிலிருந்து துடைத்தெடுக்கும். இந்தப் பொருத்தம் ஒருமுறை புரிந்தால் போதும், லாகரை மறந்துவிடுவீர்கள்.

‘பை’ (மாவு மூடிச் சுட்ட இறைச்சி உணவு) கேட்கும்போது ஒரு கேள்வி: முழுக்க மாவுக்குள் மூடிச் சுட்டதா, இல்லை கிண்ணத்துக் குழம்பின் மேல் மாவு மூடி மட்டும் வைத்ததா? முதலாவதே உண்மையான பை. அடிமாவு குழம்பில் ஊறி, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். ஸ்டேக் அண்ட் ஏல் பையில் இருப்பது மாட்டிறைச்சி.

மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவர்களும் பட்டியலில் தெரியாத இடங்களைத்தான் விசாரிக்க வேண்டும். ஞாயிறு ரோஸ்ட்டில் (ஞாயிறு மதியத்து வாட்டிய இறைச்சிச் சாப்பாட்டில்) கோழியைக் கேட்டாலும், யார்க்‌ஷயர் புட்டிங் (மாவுக் கரைசலை உப்பச் சுட்ட பண்டம்) மாட்டுக் கொழுப்பில் சுட்டதாக இருக்கலாம்; உருளைக்கிழங்கும் அப்படியே. மேலே ஊற்றும் கிரேவி எல்லாத் தட்டுக்கும் ஒன்றே என்றால் அதுவும் மாட்டுச் சாறாக இருக்கலாம். சூவெட் என்று பெயருள்ள எதிலும் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. யார்க்‌ஷயரில் மீனையும் சிப்ஸையும் (இங்கே நீளமாக நறுக்கிய உருளைக்கிழங்கு) மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மற்ற இடங்களில் எண்ணெய்தான், ஆனால் மீன் பொரித்த சட்டியிலேயே உருளைக்கிழங்கும் பொரியலாம். ஒவ்வாமை தரும் 14 பொருள்கள் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டியது சட்டப்படிக் கடமை. ஆனால் மாட்டுக் கொழுப்பு அந்த 14இல் இல்லை. அதனால் நேராகவே கேளுங்கள்.

ஞாயிறு ரோஸ்ட் மதியத்தில் தொடங்கித் தீரும்வரை. மேசையை முன்பதிவு செய்யாமல் போனால் திரும்பி வர நேரும். மாட்டிறைச்சிக்குக் காரமான குதிரைமுள்ளங்கி, ஆட்டுக்குப் புதினா, பன்றிக்கு ஆப்பிள் என்று தொடுகறி மாறும். நம் நாக்குக்குக் காரம் போதாதவர்கள் இங்கிலீஷ் கடுகு கேளுங்கள். கண்ணில் நீர் வரும்.

வீடு திரும்புவது

மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 25க்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட் நகல் போதாது. பிள்ளைகளோடு போகலாம், ஆனால் இரவு எத்தனை மணி வரை என்பது ஒவ்வொரு பப்பின் விதி. 4 சதவீத ஏல் ஒரு பைண்ட் 2.3 யூனிட் (ஆல்கஹாலை அளக்க அங்கே புழங்கும் அலகு), அந்நாட்டு மருத்துவ அறிவுரையின் வார வரம்பு 14 யூனிட்.

கார் ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பதே வழி. இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரம்பு, ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50. இத்தனை பைண்ட் வரை பரவாயில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கிராமத்துக் கடைசிப் பஸ் ஆறு மணிக்கே போய்விடலாம், ஞாயிறன்று பஸ்ஸே இல்லாமலும் இருக்கலாம். டாக்ஸியைப் போகும்போதே பேசி வையுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்கில் பத்து மணிக்குக் கூப்பிட்டு எதுவும் ஆகாது. பிரிட்டனின் மிக உயரமான பப்பான யார்க்‌ஷயரின் டான் ஹில் இன், 528 மீட்டரில் இருக்கிறது. 2021 நவம்பரில் ஆர்வென் புயலின் பனியில் அங்கே போனவர்கள் மூன்று இரவு கழித்தே இறங்க முடிந்தது. குளிர்காலத்தில் வானிலை அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

நடந்து வருகிறவர்கள் சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றுவதா என்று உள்ளே தரையைப் பார்த்தால் தெரியும். கற்பலகைத் தரை என்றால் அப்படியே வரலாம், கம்பளம் என்றால் கழற்ற வேண்டும். முடிவு நேரத்தில் மணி ஒருமுறை அடித்தால் கடைசி ஆர்டர். இரண்டாவது முறை அடித்தால் விற்பனை முடிந்தது, கையில் இருப்பதைக் குடித்து முடிக்க இருபது நிமிடம் போலக் கொடுப்பார்கள். காலிக் கோப்பைகளைக் கவுண்டரில் வைத்துவிட்டு, டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்தச் சாலைகளில் விளக்குக் கம்பம் இருக்காது.